எண்பத்தாறாயிரத்து நானூறு அடி

கடிகாரக்காரர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு சபதம்தான் எடுத்தார். அதையும் கடை நிறைய ஆள் இருந்த நேரமாகப் பார்த்து எடுத்துத் தொலைத்தார்.

"இந்த வருஷம் மலைக்கோயிலுக்கு நடந்தே போறேன். இருநூறு கிலோமீட்டர். பதினோரு நாள்."

"நீங்களா...?" என்றார் அலாரக் கடிகாரத்தோடு வந்திருந்த ஒருவர்.

அந்த நீட்டல்தான் வினை. முப்பது வருஷமாக ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியும் கீழே முக்காலியுமாக வாழ்ந்த மனிதர் அவர். முள்ளை நடக்க வைப்பார், தான் நடக்க மாட்டார். ஆனாலும் ரோஷம் வந்துவிட்டது. அன்று மாலையே யாத்திரைக் குழுத் தலைவரிடம் போய்ப் பெயரைக் கொடுத்தார். தலைவர் ஒரு முன்னாள் தபால்காரர். நடந்து நடந்தே ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்ற பிறகும் நடப்பவர். முப்பது பேருக்கு மேல் சேர்க்க மாட்டார், ஏனென்றால் வழியில் தங்கும் இடங்களில் முப்பது படுக்கைதான். கடிகாரக்காரர் பிடித்தது முப்பதாவது இடம்.

வீட்டுக்கு வந்து சொன்னார். அவர் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"கடைசி இடமா? எனக்கும் ரொம்ப நாளா ஆசைங்க. அப்போ ஸ்கூல் லீவுகூட. நான் போயிட்டு வரட்டுமா?"

"உனக்கு எதுக்கும்மா வீண் சிரமம்? இது என்ன, வகுப்புல பெஞ்சுக்கு நடுவுல நடக்கிற நடையா? நீ கடைசி நாள் பஸ்ஸுல வந்து எங்களை வரவேற்கலாம்."

டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் ஒன்றும் சொல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்பது அவர் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். கணவருக்குத்தான் தெரியாது.

புறப்பட நான்கு மாதம் இருந்தது. புது ஷூ வாங்கினார். கடித்தது. கணவன் மனைவி இருவருக்கும் கால் அளவு ஏழு. "நீ கொஞ்சம் போட்டு நடந்து பழக்கிக் குடேன்" என்று டீச்சரிடம் தள்ளிவிட்டார். டீச்சர் மறுபேச்சுப் பேசாமல் விடிந்ததும் அதை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஒன்றரை மணி நேரம் கழித்து வியர்வையோடு திரும்புவார். "இன்னும் பழகலையா?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்பார் இவர். "முரட்டு ஷூங்க. நாள் பிடிக்கும்" என்று பதில் வரும்.

தபால்காரர் எல்லோருக்கும் ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருந்தார். பெல்ட்டில் மாட்டிக்கொண்டால் நடக்கிற அடியை எண்ணும். ஒவ்வொரு நாள் கணக்கையும் தனித்தனியாக ஒரு வாரம் வரை ஞாபகம் வைத்திருக்கும். தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்பது உத்தரவு. முதல் நாள் கடிகாரக்காரர் அறுநூறு நடந்தார். இரண்டாம் நாள் உட்கார்ந்து யோசித்தார். மூன்றாம் நாள் அந்தப் பெட்டியைக் கடையிலிருந்த பெரிய சுவர்க் கடிகாரத்தின் ஊசலில் மாட்டிவிட்டார்.

ஊசல் வினாடிக்கு ஒரு வீச்சு. வீச்சுக்கு ஓர் அடி. காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை தொங்கவிட்டால் பத்தாயிரத்து எண்ணூறு. பெட்டியின் எடையால் கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடியது. ஊசல் குண்டின் அடித் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தி அதையும் சரி செய்தார். தொழிலில் மட்டும் அவர் பொய் சொன்னதே இல்லை.

ஒரு சனிக்கிழமை பெட்டியை ஊசலிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டார். ஞாயிறு கடை விடுமுறை. திங்கள் மாலை டீச்சர் பெட்டியை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை எண்பத்தாறாயிரத்து நானூறுன்னு காட்டுது?"

"அப்படியா? கொஞ்சம் அதிகமா நடந்துட்டேன் போல."

"அன்னைக்குப் பூரா சோபாவுல படுத்திருந்தீங்களே?"

"பேட்டரி கோளாறா இருக்கும்மா. மெஷின் விஷயம், உனக்குப் புரியாது."

"சரிங்க" என்றார் டீச்சர்.

ஒரு நாளைக்கு எத்தனை வினாடி என்பது கடிகாரக்காரருக்கு மனப்பாடம். கணக்கு டீச்சருக்கும் அது மனப்பாடமாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

நாட்கள் ஓடின. புறப்படுவதற்கு முதல் நாளும் வந்தது. ஊசல் நான்கு மாதம் நன்றாகப் பயிற்சி எடுத்திருந்தது, ஆனால் ஊசலை அனுப்ப முடியாது. மாலையில் கடிகாரக்காரர் ஷூவை முதல் முறையாக முழுசாகக் கட்டிப் பார்த்தார். குதிகாலில் இடித்தது, விரலில் தொளதொளத்தது. நான்கு மாதத்தில் அது டீச்சர் காலின் அச்சாகவே ஆகியிருந்தது.

போனால் இரண்டாவது நாளே படுத்துவிடுவோம். போகாவிட்டால் ஊரே "நீங்களா...?" என்று நீட்டும். மானமும் போகக் கூடாது, காலும் போகக் கூடாது. ஒரே வழிதான் தெரிந்தது. பழைய சுவர்க் கடிகாரத்தின் மரக்கூடு ஒன்றை எடுத்து மாடிப்படியில் உருட்டிவிட்டார். அது தடதடவென்று போய்க் கீழே சேர்ந்ததும், கடைசிப் படிக்கு மெதுவாக இறங்கி, வசதியாக உட்கார்ந்துகொண்டு கத்தினார்.

"ஐயோ! போச்சு! சுளுக்கிடிச்சு!"

முதலில் ஓடி வந்தவர் கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர். அவர் முகத்தில் கவலையைவிட ஆவல் அதிகமாக இருந்தது.

"எந்தக் கால் சார்? எந்தக் கால்?"

"இடது... இடது கால்."

டீச்சர் நிதானமாக இறங்கி வந்தார். கையில் புத்தம் புதிய கட்டுத்துணிச் சுருள்.

"இடது காலா வலிக்குது?"

"உயிர் போகுதும்மா."

"அப்ப ஏன் வலது காலைப் பிடிச்சிட்டு இருக்கீங்க?"

"வலி... அங்கேயும் பரவுது."

மருந்துக்கடைக்காரர் இருமிக்கொண்டே திரும்பி நின்றார். டீச்சர் முகம் மாறாமல் இடது காலில் கட்டுப் போட்டார்.

தபால்காரருக்குச் சொல்லி அனுப்ப, அவர் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வாடிப்போய்விட்டார் மனிதர்.

"என்ன கடிகாரக்காரரே, இப்படிப் பண்ணிட்டீங்க? தினம் பத்தாயிரம் அடி நடந்த ஆள். உங்களைத்தான் முன்வரிசையில போட்டிருந்தேன்."

"விதி, தலைவரே. மனசு மலைமேல இருக்கு. கால்தான் வரமாட்டேங்குது."

"ஒரு படுக்கை வீணாகுதே. ராத்திரிக்குள்ள ஆளுக்கு எங்கே போவேன்?"

டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"அவர் வேண்டிக்கிட்டது பாதியில நிக்க வேண்டாங்க. நான் வேணும்னா வரேன்."

"நீங்களா டீச்சரம்மா? பழக்கம் இல்லாம..."

"அவரோட ஷூவைப் பழக்கினேன். தினம் ஒன்றரை மணி நேரம், நாலு மாசம்."

தபால்காரர் கண்ணை மூடி மனசுக்குள் பெருக்கினார். திறந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "காலையில ஆறு மணிக்கு முனைக்கு வந்துடுங்கம்மா!"

கடிகாரக்காரருக்குப் பல் பிடுங்கி முடிந்த மாதிரி ஒரு சுகம். நான்கு மாதப் பாரம் ஒரே நிமிஷத்தில் இறங்கிவிட்டது. மானமும் பிழைத்தது, காலும் பிழைத்தது. கேட்கிறவர்களுக்கெல்லாம் பெரிய மனசாகச் சொல்லிக்கொள்ளலாம்: என் இடத்தை நான்தான் அவளுக்கு விட்டுக்கொடுத்தேன்!

"இப்ப போய்ப் பையில எல்லாம் மாத்தணுமேம்மா. என் துணிமணியை எடுத்துட்டு..."

"அது ஆச்சுங்க" என்றார் டீச்சர். "ரொம்ப நேரம் பிடிக்கல."

காலை ஆறு மணிக்குத் தெருமுனையில் முப்பது பேர் வரிசை கட்டி நின்றார்கள். டீச்சர் குனிந்து ஷூவைக் கட்டினார். காலோடு பிறந்தது போல் பொருந்தியது. இரண்டு எட்டு நடந்து பார்த்துவிட்டு, சின்னப் பெண் மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கடிகாரக்காரர் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. முதல் நாளே இடத்தைக் கொடுத்திருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை அடக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று கையசைத்தார்.

"காலைப் பாத்துக்கோங்க. கட்டை ரெண்டு நாளைக்கு அவிழ்க்காதீங்க."

"நீ நிம்மதியா போய்ட்டு வாம்மா."

வரிசை திருப்பத்தில் மறைந்தது. கடிகாரக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. இரண்டு காலையும் ஊன்றி, சீட்டியடித்துக்கொண்டு, துள்ளாத குறையாக வீட்டுக்கு வந்தார். வாசலில் மருந்துக்கடைக்காரர் பேப்பர் படித்துக்கொண்டு நின்றார். சட்டென்று ஒரு காலை இழுத்தார் கடிகாரக்காரர்.

"டீச்சரம்மா கிளம்பிட்டாங்களா சார்?"

"ஆச்சு. எனக்குத்தான் கொடுத்து வைக்கல."

"கட்டுத்துணி நீளம் போதுமா?"

"தாராளமா. நல்ல வேளை, வீட்டுல ஒண்ணு இருந்தது."

"இல்லாம எப்படி? போன வாரம்தானே என் கடையில வாங்கிட்டுப் போனாங்க."

கடிகாரக்காரர் முதல் படியில் வைத்த காலை எடுக்கவில்லை.

"போன வாரமா?"

"ஆமா சார். யாருக்கு, எந்தக் காலுக்குன்னு கேட்டேன். 'அவருக்குத்தான். எந்தக் கால்னு அவர் இன்னும் முடிவு பண்ணல'ன்னாங்க."