அந்தோனியார் பீடத்தின் மூலை

பிலிமத்தலாவை
வெள்ளி இரவு

அன்புள்ள லூர்து சித்திக்கு,

முதலில் கும்பிட்டுக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். சித்தப்பாவுக்கும் வேண்டாம். அவர் நல்லவர்தான், ஆனால் சிரிப்பார், அவர் சிரித்தால் நாவலப்பிட்டி ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். போனில் எழுதியிருப்பேன், அதை அப்பா அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். என் வகுப்பு மஸீனா நாளைக்குத் தன் மாமி வீட்டுக்கு உங்கள் ஊருக்கு வருகிறாள், அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்களும் சித்தப்பாவும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே அம்மா சுகம். அப்பாவும் சுகம், ஆனால் என்னோடு பேசுவதில்லை. எனக்கு என்ன நோய் என்றுதான் தெரியவில்லை, சித்தி. கண்ணா மூளையா என்றுகூடத் தெரியவில்லை.

நான் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு எடுத்தபோது அப்பா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தது உங்களுக்குத் தெரியும். கோயிலில் ஃபாதரிடமும் சொல்லியிருக்கிறார். திருவிழாவுக்கு அந்தோனியார் சுரூபத்தை வைக்கப் புதுப் பீடம் வேண்டும் என்று ஃபாதர் சொன்னதும், "எதுக்கு ஃபாதர் வெளிய போறீங்க, நம்ம வீட்டு இஞ்சினியர் படம் போட்டுத் தருவா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பீடம் சாதாரணப் பெட்டிதான். ஆனால் அதை வைக்கும் இடத்தில், சுவரில், தீர்த்தக் கிண்ணம் பதித்திருக்கிறது. அது இடிக்காமல் இருக்க, பெட்டியின் மேல்மூலை ஒன்றைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். நான் ஐசோமெட்ரிக் படமாகப் போட்டேன். நிமிர்ந்த கோடுகள் நிமிர்ந்தே நிற்கும், மற்றக் கோடுகள் இரண்டு பக்கமும் முப்பது பாகையில் ஏறும், ஒரே படத்தில் முன்பக்கம், பக்கவாடு, மேற்பக்கம் மூன்றும் தெரியும். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னா புள்ள, பெட்டி சரிஞ்சு நிக்குது, சாமி கீழ விழுந்துராதா?" என்று கேட்டார். "சரியல அப்பா, இது அப்படித்தான்" என்றேன். "அப்ப சரி" என்று தலையாட்டினார். விளங்கிய மாதிரி இல்லை.

அதே இரவு சஞ்சீவனி மிஸ் கொடுத்த வீட்டுப்பாடமும் இருந்தது. அதுவும் ஐசோமெட்ரிக், அதே மாதிரி ஒரு கட்டை, அளவைக்கூடப் பீடத்தின் அளவாகவே எடுத்துக்கொண்டேன், அதன் மூலையில் ஒரு சின்னப் பெட்டி ஒட்டியிருக்க வேண்டும். இரண்டையும் முடித்துப் பழைய கலண்டருக்குள் சுருட்டி வைத்தேன். விடிய அப்பா சுருளில் இருந்து தாளை உருவிக்கொண்டு தச்சு வேலை அழகையா மாமாவின் பட்டறைக்குப் போனார். மிச்சச் சுருளோடு நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

இனித்தான் கேளுங்கள். அன்றைக்கே வகுப்பில் மிஸ் என் தாளை விரித்ததும் முகத்தைச் சுளித்தார். அவர் யாழ்ப்பாணம், கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "என்ன பிள்ளை இது? மூலையில பெட்டி ஒண்டு வையும் எண்டால் நீர் பள்ளம் தோண்டி வச்சிருக்கிறீர். உமக்குப் பெட்டிக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் தெரியாதே?" வகுப்பே சிரித்தது. நான் தாளைப் பார்க்கக்கூட இல்லை, வாங்கி அப்படியே மடித்துப் புத்தகப் பைக்குள் திணித்தேன். ஆனால் சித்தி, நான் பெட்டிதான் வரைந்தேன், சத்தியமாகப் பெட்டிதான்.

நேற்றுப் பின்னேரம் பீடம் கோயிலுக்கு வந்தது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். நாலு பேர் தூக்கிவந்து சுவரோடு தள்ளினார்கள், டங் என்று ஒரு சத்தம், தீர்த்தக் கிண்ணத்தின் விளிம்பு உடைந்து கீழே விழுந்தது. பார்த்தால், நான் வெட்டி எடுக்கச் சொன்ன மூலையில் ஒரு பெட்டி முளைத்து நிற்கிறது! ஃபாதர் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, "இது பீடமா, கதிரையா? அந்தோனியார் இவ்வளவு காலமும் நின்னது போதும்னு உக்கார வைக்கப் போறீங்களா?" என்றார். அழகையா மாமாவுக்குக் கோபம். "நான் என்னா செய்ய அண்ணே, பாப்பா போட்ட படத்தை ஒரு நூல் பிசகாம செஞ்சிருக்கேன். எனக்கும் சந்தேகந்தான். சாமி விஷயம், கேள்வி கேக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்" என்றார். அப்பா குனிந்து உடைந்த விளிம்பைப் பொறுக்கினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் தொடங்கினார். "பள்ளத்துக்கும் பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவ நாளைக்குப் பாலம் கட்டினா யாரு அதுல போறது? திங்கக்கிழமை நானே ஸ்கூலுக்கு வந்து ஆர்ட்ஸுக்கு மாத்துறேன்." அம்மா ஏதோ சொல்ல வந்தார், அவரையும் "நீ சும்மா இரு" என்று அடக்கிவிட்டார்.

பெட்டி போட்டால் மிஸ்ஸுக்குப் பள்ளமாகத் தெரிகிறது, பள்ளம் போட்டால் மாமாவுக்குப் பெட்டியாகத் தெரிகிறது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கண் பழுதாகுமா? அப்படியென்றால் பழுது என்னிடம்தானே? நேற்றிலிருந்து ஞாபகத்தில் இருந்து அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். சித்தி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறுது. பள்ளமா இருக்கு, கண்ணைச் சிமிட்டினா பெட்டியா வெளிய வருது, திரும்பச் சிமிட்டினா உள்ள போகுது. இப்ப எல்லாமே அப்படித்தான் தெரியுது. இன்றைக்குக் கண்டியில் பஸ் ஏறும்போது படி வெளிய இருக்கா உள்ள இருக்கான்னு யோசிச்சு, இல்லாத படியில் காலை வைத்து, பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வந்த ஒரு அம்மாவின் மேல் விழுந்தேன். பாண் நசுங்கிவிட்டது. கொண்டக்டர், "நங்கி, தங்கச்சி, கண்ணாடி போடுங்க" என்றார். சாப்பாட்டு மேசை விரிப்பில் கட்டம் போட்டிருக்கு, அது முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டியா எழும்புது, எனக்குச் சோறு இறங்கல.

சித்தி, எனக்கு இந்தப் பாடம் பிடிக்கும். மூலைமட்டத்தை வைத்து முதல் கோட்டை இழுக்கும்போது, தாளுக்குள் இல்லாத ஒரு மூலை எழும்பி வரும், அது எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி இருக்கும். அதை விட்டுவிட்டு என்னால் வேறு எதுவும் படிக்க முடியாது. அப்பா கேட்பது உங்கள் பேச்சு ஒன்றைத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அவருக்குப் போனில் ஒரு கோல் எடுங்கள். பிள்ளைக்குக் கண்ணில் ஏதோ கோளாறு, வைத்தியம் பார்த்தால் சரியாகிவிடும் என்று சொல்லுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டாவது இதையே படிக்கிறேன். கண் கோளாறு இல்லை என்றால், அதையும் நீங்களே யோசித்து ஒரு வழி சொல்லுங்கள்.

சித்தப்பாவுக்கு என் அன்பு. உங்கள் செபத்தில் என் இரண்டு கண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழம்பிப்போன மகள்
றொசானா

பி.கு.: சித்தி, மேலே எழுதியது ஒன்றும் சரியில்லை! நீங்களே பார்த்து முடிவு சொல்லுங்கள் என்று மிஸ் திருப்பித் தந்த தாளையும் உறைக்குள் வைக்கப் பையில் இருந்து எடுத்தேன். இப்போதுதான் விரித்தேன். மூலையில் பள்ளம். பக்கத்தில் என் கையெழுத்தில் 'தீர்த்தக் கிண்ணம்' என்று இருக்கிறது. இது பீடத்தின் படம்! அழகையா மாமா செய்திருப்பது என் வீட்டுப்பாடத்தை. ஒரு நூல் பிசகாமல்! என் கண் சரி, கை சரி, மிஸ் சரி, மாமாவும் சரி. கலண்டர் சுருளில் இருந்து தாளை உருவியது யார் என்று நினைத்துப் பாருங்கள். இதை நான் அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்? அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, அப்படி நம்பிக்கொண்டு போனார். நீங்களும் சொல்லாதீங்க. இல்லை, நீங்கதான் சொல்லணும். இல்லை வேண்டாம், கண் கோளாறு என்றே

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "லைட்டு எரியுது, முழிச்சுத்தான் இருக்கியா? அழகையா காலையிலயே மூலையைச் சரிபண்ண வாறானாம், சரியான படத்தை எடுத்துட்டு வெளிய வா" என்கிறார். சித்தி, கிண்ணம் என்று எழுதியிருக்கிற இந்தத் தாளா, ஞாபகத்தில் இருந்து போட்டதா, எந்தப் ப