மிதவைக்கு வெட்டிய செருப்பு

ஏழாவது வாத்தும் செத்தது. அம்மா அதைக் காலைப் பிடித்துத் தூக்கி வந்து அப்பா முன்னால் போட்டாள். எலும்பும் இறகும்தான் மிச்சம். வயிறு மட்டும் கெட்டியாக இருந்தது.

"கண்ணு பட்டிருக்கு," என்றார் அப்பா. "பக்கத்து வீட்டு அவினோ பாக்கிற பார்வைக்கு எருமையே படுத்துடும்."

"உங்களையும்தான் பாக்கிறா. நீங்க படுக்கலையே?"



ஒன்பதும் அம்மா குஞ்சிலிருந்து வளர்த்தவை. இப்போது இரண்டுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கண்ணும் இல்லை, காதும் இல்லை. அப்பா வலைக்கு மிதவை வாங்குவதில்லை. ஏரியில் ஒதுங்கும் பிய்ந்த ரப்பர் செருப்புகளைக் கரைப் பாறையில் உட்கார்ந்து வட்டம் வட்டமாக வெட்டிக் கோத்துவிடுவார். ஊரே மெச்சியது. வட்டம் வலைக்குப் போனது. தூளும் துணுக்கும் பாறையிலேயே கிடந்தன. சிவப்பு, பச்சை, மஞ்சள். வாத்துகளுக்குத் தினமும் விருந்து. காற்றடித்தால் மீன்களுக்கும் பந்தி. செருப்பு பொறுக்கிக் கொடுத்தது நான்தான். வாத்துகள் தின்றதையும் பார்த்தேன். சொல்லவில்லை. சொன்னால் கூட்டுகிற வேலையும் என் தலையில் விழும். பரீட்சை முடித்துவிட்டுச் சும்மா இருப்பவள் நான் ஒருத்திதானே.

செத்த வாத்தை அம்மா சும்மா புதைக்கவில்லை. முதலில் வயிற்றைக் கிழித்துப் பார்த்தாள். கத்தியைக் கழுவினாள்.

அப்பாவுக்கு இது தெரியாது. அவர் வேறு திட்டத்தில் இருந்தார். அம்மாவைக் கூப்பிட்டார்.

"அக்கேயோ, மிச்சம் ரெண்டுல பெருசை அறுத்துடலாம். சாகறதுக்கு முன்ன நாமளே தின்னுடுவோம். அண்ணனையும் கூப்பிடறேன். அவர் வந்து அந்த அவினோவை நறுக்குனு நாலு கேள்வி கேக்கட்டும்."

"சரி."

அம்மா உடனே சரி என்றால் ஆள் ஓடிவிட வேண்டும். அப்பா கத்தி தீட்டப் போனார்.

மத்தியானம் ஒதேரா பெரியப்பா வந்தார். களி, குழம்பு. எங்கள் பக்கம் கோழி, வாத்து அறுத்தால் இரைப்பை வீட்டுத் தலைவருக்குத்தான். வேறு யாராவது தின்றால் பஞ்சாயத்து. அம்மா அதைத் தனிக் கிண்ணத்தில் வைத்தாள். முழுசாக, உருண்டையாக.

"அறுத்துக் கழுவலையா?" என்றார் அப்பா.

"உங்க உரிமை. அதுல நான் கத்தி வெக்கலாமா?"

பெரியப்பா தலையாட்டினார். "மரியாதை தெரிஞ்ச பொம்பள."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து அறுத்தார். சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் கிண்ணத்தில் கொட்டின.

பெரியப்பா ஒரு மஞ்சள் துணுக்கை விரலில் எடுத்தார். அதில் கறுப்புக் கோடு இருந்தது.

"தம்பி, போன மாசம் உன் வாசல்ல கழட்டி விட்ட என் செருப்பு இந்தக் கலர்தானே?"

"அது... ஏரி அடிச்சுட்டு வந்ததுண்ணே."

"உன் வாசல் வரைக்குமா ஏரி வந்துச்சு?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"வயிறு நெறைய இதைத் தின்னுட்டு, பட்டினியில செத்திருக்குங்க. ஏழும்," என்றாள். "அதே தண்ணியத்தான் நாமளும் குடிக்கிறோம். நம்ம வயித்தை யாரு கிழிச்சுப் பாக்கறது?"

அதற்கப்புறம் யாரும் குழம்பைத் தொடவில்லை.

"தெரியாம போச்சு," என்றார் அப்பா மெதுவாக.

அம்மா துடைப்பத்தையும் ஒரு சாக்கையும் அவர் பக்கத்தில் வைத்தாள். "மழை வர்றதுக்குள்ள பாறையைக் கூட்டி அள்ளிடுங்க. மிச்சம் ஒண்ணாவது பொழைக்கட்டும்." என் பக்கம் திரும்பினாள். "அப்பியோ, நீ போகாத. அவர்தான் போகணும்."

எங்கள் ஊரில் ஆம்பிளை துடைப்பம் தொடுவதில்லை. கரையில் மீன் காயப்போடும் பெண்கள் முப்பது பேர் இருந்தார்கள். அப்பா துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பாதி வழி போனார். ஒருத்தி கனைத்தாள். அப்பா நின்றார். வானத்தைப் பார்த்தார். "அவங்க போகட்டும்," என்று திரும்பி வந்துவிட்டார்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. பாறையிலிருந்த துணுக்குகள் கரையோரத் தண்ணீரில் கலர் கலராக மிதந்தன. கடைசி வாத்து அவற்றுக்கு நடுவே கழுத்தை நீட்டி நீட்டிப் பொறுக்கியது. அம்மா நனைந்துகொண்டே கூப்பிட்டாள். அது வரவில்லை.

மழைக்கு முன்னால் கூட்டி அள்ளச் சொல்லியிருந்தாள். அப்பா அள்ளவில்லை.