என் மகன் ஒரு படத்திலாவது நிற்க வேண்டும்

வெஸ்ட்டர்டால், மினசோட்டா
நவம்பர் 1925

கலிபோர்னியாவில் படக் கம்பெனி நடத்தும் மரியாதைக்குரிய திரு. விட்காம் ஐயா அவர்களுக்கு, தங்களிடம் வேலை பார்க்கும் தோர்வால்டின் தாயார் சிக்ரிட் பிராண்ட்வோல்ட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரர் ஹால்வரும் மாடுகளும் சௌக்கியம். பனியே விழாத ஊரில் மனிதர்கள் எப்படித்தான் காலம் தள்ளுகிறார்களோ, தாங்களும் தங்கள் வீட்டாரும் சௌக்கியமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தோர்வால்ட் என்றால் தங்களுக்குத் தெரியாது. தாங்கள் வைத்த பெயர் பட்டி பார்லோ. அதில் எனக்கு வருத்தமில்லை. அவன் படத்தில் போட்டுக்கொள்ளும் கால்சட்டையோடு எங்கள் குடும்பப் பெயர் சேராமலிருந்ததே நல்லது.

விஷயம் என்னவென்றால் ஐயா, இவன் பண்ணை வேலை வேண்டாமென்று கிளம்பிய அன்று இவன் அப்பா வாசலில் நின்று, "போ. சொந்தக் கால்ல நிக்கிற அன்னிக்கு இந்த வீட்டுக்கு வா" என்று சொல்லிவிட்டார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை, பேசினால் மாற்றுகிறவரும் இல்லை. பையன் போனவன் என்ன செய்தான், விழுவதையே தொழிலாக எடுத்துக்கொண்டான். முதலில் ஒரு கூடார சர்க்கஸில் குதிரைக்குத் தண்ணீர் தூக்கப் போய் வாளியோடு குப்புற விழுந்தானாம், ஜனங்கள் கைதட்டினார்களாம், முதலாளி "நாளைக்கும் இதே மாதிரி விழு" என்றாராம். அப்புறம் சிகாகோவில் ஒரு நாடக மேடையில் பியானோ மேலிருந்து விழுந்தான். அப்புறம் தங்களிடம் வந்தான். முதல் படத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றான், பலகை ஒன்று பின்மண்டையில் பட்டது. நான் டவுன் சினிமாக் கொட்டகையில் எழுந்து நின்று "ஐயையோ, யாராவது அவனைத் தூக்குங்கப்பா" என்றுவிட்டேன். படத்துக்குச் சிரித்ததைவிட எனக்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

அடுத்தடுத்த படங்களில் அவன் எப்போதும் பசியோடிருக்கிறான், தட்டு வந்ததும், கூட நடிக்கிற ஒரு தடியர் பிடுங்கிக்கொண்டு இவனை எட்டி உதைக்கிறார். பெற்ற வயிறு கேட்குமா? புகைபோட்ட பன்றித் தொடை ஒன்றைப் பொட்டலம் கட்டித் தங்கள் கம்பெனி விலாசத்துக்கு அனுப்பினேன். பதில் அந்தத் தடியரிடமிருந்து வந்தது. "அம்மா, ரொம்ப ருசி. ஆளுக்குப் பாதியா சாப்பிட்டோம். உங்க மகன் தங்கமான பிள்ளை" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். இவ்வளவு பண்புள்ளவரை ஏன் ஐயா உதைக்க விடுகிறீர்கள்?

ஊரில் தலைகாட்ட முடியவில்லை. போதகர் மனைவி குட்ரூன், கோயில் காபி வேளையில் எல்லார் முன்னாலும், "சிக்ரிட், உங்க பையன் நேத்து மறுபடி தொட்டிக்குள்ள விழுந்தானாமே, சளி பிடிக்கலையே?" என்று கேட்கிறாள். கேட்கிறவள் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள், எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரையோ கொட்டகைப் பக்கம் அழைத்துப் போகவே முடியவில்லை. ஒரு நாள் கடைக்குப் போகிற சாக்கில் சுவரொட்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். தங்கள் ஆட்கள் பிள்ளையின் முகத்தையாவது போட்டிருக்கக் கூடாதா, மாவுப் பீப்பாய்க்குள்ளிருந்து இரண்டு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ரொம்ப நேரம் பார்த்தார். "பூட்ஸ் நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

இப்போது பிள்ளை எழுதியிருக்கிறான்: "அம்மா, இந்தக் கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா? அப்பாகிட்ட கேட்டுச் சொல்லு." கேட்டேன். பால் கறந்துகொண்டே, "நிக்கிறானா?" என்றார். படத்துக்குப் படம் விழுகிறவனை நிற்கிறான் என்று எப்படிச் சொல்ல?

ஆகவே ஐயா, ஒரே ஒரு படம், சின்னதாக இருந்தாலும் போதும், அதில் தோர்வால்ட் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நிற்க வேண்டும். கதை நானே யோசித்துவிட்டேன். ஒருவர் பேங்க்கில் வேலை பார்க்கிறார். காலையில் நடந்து போகிறார், சாயங்காலம் நடந்து வருகிறார். சுவாரசியம் வேண்டுமென்றால் மத்தியானம் சாப்பிடட்டும், யாரும் பிடுங்க வேண்டாம். அதைக் காட்டி இவரைச் சம்மதிக்க வைத்துவிடுவேன். பிள்ளையைப் பார்க்காமல் இன்னொரு கிறிஸ்துமஸ் என்னால் முடியாது ஐயா.

தங்கள் தொழில் தழைக்கட்டும். தங்கள் வீட்டில் யாருக்கும் எலும்பு முறியாதிருக்க வேண்டிக்கொள்ளும்,
சிக்ரிட் பிராண்ட்வோல்ட்

பி.கு: உறையை ஒட்டப் போகையில் இவர் டவுனிலிருந்து வந்தார். பால் ஊற்றிவிட்டு வர இவ்வளவு நேரமா என்றேன். "மழை. கொட்டகையில ஒதுங்கினேன்" என்றார். வெளியே வெயில் பளிச்சென்று அடிக்கிறது. காபிகூடக் குடிக்காமல் தொழுவத்துக்குப் போனார். தடாலென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பரண் ஏணிக்குக் கீழே வைக்கோலில் மல்லாந்து கிடக்கிறார். தூக்கப் போனவளைக் கையால் தடுத்து, "இரு, இரு. அவனுக்குக் காலு ரெண்டும் மேல போவுது, தலை தரையில படவே மாட்டேங்குது. எப்படிப் பண்றான்?" என்றார். அப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டு, "பக்கத்துல உக்காந்திருந்த ஆளுகிட்ட அவன் எம்பையன்னு சொன்னேன். நம்ப மாட்டேங்கிறான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "வரச் சொல்லு. வந்து செஞ்சு காட்டட்டும்" என்றார்.

ஆகையால் மேலே கேட்டதெல்லாம் வேண்டாம், பிள்ளை பாட்டுக்கு விழட்டும், லீவு மட்டும் கொடுங்கள். கொஞ்சம் முன்னதாகவே கொடுத்தால் புண்ணியமாகப் போகும். இவர் மறுபடியும் ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறார்.