யூஜினியா டீச்சரும் வளையாத கம்பியும்

வலுதூக்கும் போட்டிக்குப் பத்து நாள் இருக்கையில்தான் ஜிம் நடத்தும் மருது அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டான். யூஜினியா டீச்சர் அப்போதுதான் தொண்ணூறு கிலோவைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்திவிட்டு, நாற்பத்தாறு வயதில் இதைச் செய்துவிட்டோமே என்ற பூரிப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம கம்பி பழசு டீச்சர். தூக்கையில நடுவுல வளையும். அதனால எடை கொஞ்சங் கொஞ்சமாத்தான் கைக்கு வரும். போட்டியில கெட்டிக் கம்பி போடுவாக. அது வளையாது, மொத்த எடையும் ஒரேயடியா இழுக்கும்."

"அப்ப நான் தூக்கலையா?"

"பாதிய கம்பி தூக்குது."

டீச்சருக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளே செக்காலையில் ஒரு பட்டறையில் சொல்லி, வளையவே வளையாத இரும்புத் தண்டு ஒன்றை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். அது விரலுக்குள் அடங்காத தடிமன். எழுபதிலேயே கையை விட்டு நழுவியது. பிடிமானத்துக்கு மருது சைக்கிள் டியூபைச் சுற்றினான். தண்டு இன்னும் பருத்தது. பெரிய எடைத் தட்டுகளின் துளை சிறியது, அதில் ஏறவில்லை. துளை அகலமான சின்னத் தட்டுகளை மாட்டியதும் தண்டு கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. தொலைந்துபோன கம்மலைத் தேடுகிறவர் மாதிரி டீச்சர் குனிய வேண்டியதாயிற்று. உயரம் கூட்டச் செங்கல் அடுக்கினார்கள். முதல் தடவை இறக்கியதிலேயே செங்கல் தூள்தூளானது.

ஆனாலும் டீச்சர் விடவில்லை. தினமும் குனிந்து குனிந்து இழுத்தார். எண்பதைத்தான் தாண்ட முடியவில்லை. காளையார்கோவிலில் நடந்த போட்டிக்கு, தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே பஸ் ஏறினார்.

மேடையில் முதல் முயற்சி தொண்ணூறு. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். திறந்து பார்த்தபோது கம்பி இடுப்பருகே இருந்தது, தூக்கியது செல்லும் என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்குகளும் எரிந்தன. அடுத்து தொண்ணூற்றைந்து. கடைசியாக நூறு. அதையும் நிறுத்தினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் பிரிவில் தங்கம் அவருக்குத்தான்.

மேடையில் தட்டு மாட்டிக்கொண்டிருந்தவள் நீலாயதாட்சி, மாநிலப் போட்டியில் ஜெயித்தவள். டீச்சர் பதக்கத்தோடு அவளிடம் போய், ஜிம் கம்பி வளைந்து வளைந்து இத்தனை நாளும் தன்னை ஏமாற்றியதையும், இந்தக் கெட்டிக் கம்பிக்காகப் பத்து நாள் பட்ட பாட்டையும் விலாவாரியாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற மருது பெருமையோடு தலையாட்டினான்.

நீலாயதாட்சி தட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"கம்பி வளையிறதெல்லாம் இருநூறு கிலோவுக்கு மேலதான் டீச்சர். உங்க ஜிம்முலயும் நீங்களாத்தான் தூக்கியிருக்கீக."