ஓபஸ் ஒன்றும் அப்பாவின் அடக்க ஆராதனையும்

என் அப்பாவை நான் ஒரே ஒரு முறைதான் கொன்றிருக்கிறேன். அதுவும் வேண்டுமென்று செய்ததில்லை. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, நானும் ஓர் இசைமேதை என்று முழுசாக நம்பிக்கொண்டிருந்த இருபத்திரண்டாம் வயதில் நடந்தது.

தரங்கம்பாடியில் எங்கள் லுத்தரன் கோவிலில் ஞாயிறுதோறும் கீபோர்டு வாசிப்பவள் நான். பாடகர் குழுவை நடத்துபவர் அப்பா. பள்ளியில் கணக்கு வாத்தியார். குழுவிலும் அதே வாத்தியார்தான். தாளம் இம்மி பிசகினால் ஆராதனை நடுவிலேயே திரும்பி முறைப்பார். (போதகர் ஐயாவே அந்த முறைப்புக்குப் பயந்து ஜெபத்தைச் சுருக்கியதுண்டு.) நான் சொந்தமாக பியானோ இசை எழுதுகிறேன் என்று சொன்னபோது, "இருக்கிற ஞானப்பாட்டையே ஒழுங்கா வாசிக்கக் காணோம். இதுல புதுசு வேறயா?" என்றார். வீட்டில் நான் என் இசையை வாசிக்க உட்கார்ந்தால் பையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கக் கிளம்பிவிடுவார். அந்த வருஷம் எங்கள் வீட்டில் மீனுக்குக் குறைவே இல்லை.

அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உட்கார்ந்து முழுசாகக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவர் பணி ஓய்வு பெறும் மே மாதம் வந்தது. அவருக்கே சமர்ப்பணம் செய்து ஒன்றை எழுதிவிட்டால் எழுந்து போக முடியாதல்லவா?

பழைய ஜெர்மன் மேதைகள் கோவில் பாட்டுகளை எடுத்து விரித்துப் பெரிய இசையாக்கினார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். நானும் எனக்கு நன்றாகக் கைவந்த ஒரு ஞானப்பாட்டை எடுத்தேன். ஊரில் யாரை அடக்கம் செய்தாலும் பெட்டியைக் குழியில் இறக்கும்போது அதைத்தான் வாசிப்போம். வாசித்து வாசித்துக் கைவந்திருந்தது. (இங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.) நான்கு நிமிட இசை. மேற்கத்திய இசைக்காரர்கள் தங்கள் படைப்புகளுக்கு வரிசை எண் போடுவதுபோல 'ஓபஸ் ஒன்று' என்று பெயரும் வைத்தேன்.

மயிலாடுதுறையில் ஒரு பிரவுசிங் சென்டர். யார் வேண்டுமானாலும் தங்கள் பியானோ இசையை ஏற்றலாம் என்று ஒரு வெளிநாட்டு இணையதளம் கண்டுபிடித்திருந்தேன். வீட்டில் பதிவு செய்து கொண்டுபோன என் இசை அதில் ஏற ஒன்றரை மணி நேரம் பிடித்தது; நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது. முகப்புக்குப் படம் வேண்டும் என்றது அந்தத் தளம். பக்கத்து ஸ்டுடியோவில் அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கொடுத்தேன். அந்த ஸ்டுடியோக்கார அண்ணன் கல்யாணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் மட்டுமே டிசைன் போட்டவர்.

"பின்னாடி மேகம் போடலாமாம்மா?"

"போடுங்கண்ணே."

"வெளிச்சம்? ரோஜாப்பூ?"

"ஒண்ணே ஒண்ணு."

கீழே அப்பா பெயர். அதற்கும் கீழே அவர் வேலையில் சேர்ந்த வருஷம், ஒரு கோடு, ஓய்வு பெறும் வருஷம். பார்க்கப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது. பார்த்தவர்கள் எல்லாருக்கும் கலங்கியது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த இணைப்பை குவைத்தில் இருந்த சித்தப்பாவுக்கும் பட்டுக்கோட்டை அத்தை மகனுக்கும் மெயிலில் அனுப்பினேன். தலைப்பு: 'அப்பா'. உள்ளே வேறு ஒரு வரியும் இல்லை. கலைஞர்கள் அதிகம் பேசக் கூடாதென்று ஒரு எண்ணம்.

அந்த வாரம் குழாய் போடப் பள்ளம் தோண்டியவர்கள் எங்கள் தெரு டெலிபோன் கம்பியை அறுத்துப் போட்டிருந்தார்கள். குவைத்திலிருந்து சித்தப்பா அடித்து அடித்துப் பார்த்து, அத்தைக்குச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை எங்கள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பதினெட்டுப் பேர். முன்சீட்டில் ஒரு மலர்வளையம்.

"அண்ணே! ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டீங்களே!" என்று அத்தை மாரில் அடித்துக்கொண்டே உள்ளே ஓடி வந்தார்.

பின்னாலேயே கையில் பையோடு அப்பா வந்தார். "எங்க போனேன்? மீன் வாங்கத்தான் போனேன்."

அத்தை அப்படியே தரையில் சாய்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் தெளித்தார்கள். அத்தை மகன் பிரிண்ட் எடுத்து வந்திருந்த முகப்புப் படத்தை நீட்டினான். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேகத்தைப் பார்த்தார், ரோஜாவைப் பார்த்தார், வருஷங்களைப் பார்த்தார்.

"யார் பார்த்த வேலை இது?"

"நான்தான்ப்பா. அது உங்க சர்வீஸ் வருஷம்..."

"இந்தக் கணக்குப்படி நான் முப்பத்தஞ்சு வயசுல செத்திருக்கேன்." அப்பா வேனில் வந்தவர்கள் பக்கம் திரும்பினார். அதில் பாதிப் பேர் லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து அவரிடம் கணக்குப் படித்தவர்கள். "பதினெட்டு பேர்ல ஒருத்தருக்குக்கூடவா கழித்தல் வராது?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று காத்திருந்தேன், பிளக்கவில்லை.

"அடிப்பாவி!" என்றார் அத்தை, எழுந்து உட்கார்ந்து. "இவ்வளவு தூரம் வந்தாச்சு. என்னதான் வாசிச்சேன்னு வாசிச்சுக் காட்டு."

கோவில் கீபோர்டு வார நாட்களில் எங்கள் வீட்டில்தான் இருக்கும். அதை எடுத்து வைத்து வாசிக்க ஆரம்பித்தேன். அப்பா மீன் பையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பதினெட்டுப் பேர் வழியை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்தார்.

இரண்டாவது வரியில் எல்லாருக்கும் பாட்டு பிடிபட்டுவிட்டது. அடக்கப் பாட்டுக்கு எழுந்து நிற்பது வழக்கம். ஒருவர் எழுந்தார், எல்லாரும் எழுந்தார்கள். அத்தை பாடத் தொடங்கினார். பழக்க தோஷத்தில் அப்பாவும் எழுந்து தன் டெனார் குரலில் சேர்ந்துகொண்டார். தன் அடக்கத்துக்குத் தானே நின்று பாடிய ஒரே மனிதர் எங்கள் சபையில் அவராகத்தான் இருக்க வேண்டும். யாரோ உள்ளே கொண்டுவந்த மலர்வளையம் அவர் காலடியில் கிடந்தது.

முடிந்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூணாவது நிமிஷத்துல அவசரப்படுறே," என்றார். "நெசமா எனக்கு வாசிக்கிறப்ப நிதானமா வாசி."

நான் அழுதுவிட்டேன். வெட்கமா சந்தோஷமா என்று இன்றுவரை தெரியாது.

அடுத்த தெரு டெலிபோன் பூத்துக்கு ஓடிப்போய் குவைத்துக்கு போன் போட்டோம். சித்தப்பா முதலில் அழுதார், பிறகு என்னைத் திட்டினார், பிறகு குரலைத் தாழ்த்தி, "முதலாளி லீவு குடுத்துட்டான்மா. செத்தவர் பிழைச்சுட்டாருன்னு நான் எப்படிப் போய்ச் சொல்றது?" என்றார். வந்து பதினைந்து நாள் அப்பாவோடு உட்கார்ந்து மீன் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது நான் டப்ளினில் இருக்கிறேன். கணிப்பொறி வேலை, ஓய்வு நேரத்தில் இன்னும் எழுதி, இன்னும் ஏற்றுகிறேன். ஓபஸ் நாற்பத்தொன்று வரை வந்தாயிற்று. குடும்ப வாட்ஸ்அப்பில் இணைப்பைப் போட்டால் உடனே அத்தை மகன், "இந்த தடவை யாரு?" என்று கேட்பான். அவனுக்கு நான் பதில் சொல்வதில்லை. சரியாக நான்கு நிமிடமோ ஐந்து நிமிடமோ, அந்த இசை எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் கழித்து, அப்பாவின் பதில் வரும்:

"நான் நல்லா இருக்கேன். மூணாவது நிமிஷத்துல அவசரம்."