கலாவதி கண் கறுத்த விவரம்

ரிச்சர்ட்சன், டெக்சஸ்
14-3-1999, ஞாயிறு

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கும் அத்தை அவர்களுக்கும் மாப்பிள்ளை கோபாலசாமி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் நலம். அந்த மூவரில் உங்கள் மகள் கலாவதியும் சேர்த்தி என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். கோபியில் மழை உண்டா, ரைஸ் மில் எப்படி ஓடுகிறது என்றெல்லாம் விசாரிக்க ஆசைதான். ஆனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

தங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. "மாப்பிள்ளை, பொங்கல் போட்டோ பார்த்தேன். கலாவதிக்கு இடது கண் கறுத்திருக்கிறது. போன வருஷம் எடுத்த விசா இன்னும் செல்லும்." மொத்தமே மூன்று வரி. நீங்கள் நான்கு பக்கம் திட்டி எழுதியிருந்தால்கூட இரவு தூங்கியிருப்பேன். போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வருவதில்லை என்பது கல்யாணமான நாளிலிருந்து உங்களுக்கே தெரியும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் கை வைக்கவில்லை மாமா. வைத்தேன், ஆனால் பிடிப்பதற்குத்தான் வைத்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டு அனந்தராமன் கிறிஸ்துமஸ் சமயத்தில் வேலை மாற்றலாகி சான் ரமோன் போனார். போகும்போது, காரில் இடமில்லை என்று ஒரு சாமானை எங்கள் கராஜில் விட்டுவிட்டுப் போனார். இரும்புச் சட்டம், அதில் குறுக்கே மூன்று உருளைகள், பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. அதன்மேல் சைக்கிளை நிறுத்தி ஏறி மிதிக்க வேண்டும். உருளை சுற்றும், சக்கரம் சுற்றும், சைக்கிள் இருந்த இடத்திலேயே இருக்கும். செக்குமாடாவது சுற்றி வரும், இது அதுகூட இல்லை. பனிக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே பழகுவதற்காக சைக்கிள் பந்தயக்காரர்கள் வைத்திருப்பதாம். கலாவதிக்கு லைப்ரரிக்குத் தனியாகப் போய்வர ரொம்ப நாளாக ஆசை. கார் ஓட்டப் பயம், எனக்கும் அவள் ஓட்டினால் பயம். சைக்கிள் என்றால் சின்ன வயதில் உங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளைத் தொட விட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை மாமா, தகவலாகச் சொல்கிறேன். "ரோட்டுல விழுந்தா நாலு பேரு பாப்பாங்க. இது கதவச் சாத்திட்டு உள்ளயே ஓட்டற சாமான். ரோட்டுக்குப் போகாதுல்ல, இதுல என்னங்க பயம்?" என்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அங்கேதான் நான் ஏமாந்தேன்.

விஷயம் என்னவென்றால், சைக்கிளை அந்த உருளையோடு எதுவும் கட்டி வைத்திருப்பதில்லை. வெறுமனே அதன் தலையில் உட்கார்ந்திருக்கிறது. மெதுவாக மிதித்தால் சாயும், நிறுத்தினால் விழும், அரை அடி நகர்ந்தால் உருளையை விட்டுச் சக்கரம் இறங்கி வண்டியோடு தூக்கிப் போடும். ரோட்டில் ஓட்டத் தெரிந்தவர்களே இதில் ஏறினால் சுவரைப் பிடித்துக்கொள்வார்களாம். இதை அனந்தராமன் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு உங்கள் பேத்தி வான்மதியின் சைக்கிளை வைத்துக் கலாவதி ஏறினாள். ஏறி நான்கு மிதி மிதித்தாள், குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள், வாஷிங் மெஷினின் மூலையில் இடது கண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நீங்கள் போட்டோவில் பார்த்த கண் அதுதான்.

நிறுத்தித் தொலை என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். கேட்கவில்லை. உங்கள் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது, பெருமையாகத்தான் சொல்கிறேன். அன்று முதல் நான் ஆபீஸ் விட்டு வந்ததும் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், வண்டி வேகம் எடுக்க முதுகில் கை வைத்துத் தள்ளிக் கொடுப்பேன், கையை எடுப்பேன், அவள் விழுவாள். சில நாள் என்மேல் விழுவாள். தமிழ்ச் சங்கத்துக்குத் தெரிந்தால் சித்திரை விழாவில் மைக்கிலேயே சொல்லிச் சிரிப்பார்கள் என்று, வெளியே யாரிடமும் மூச்சு விடாதே என்றும் சொல்லி வைத்திருந்தேன். இதுவும் என் கஷ்டகாலம்.

நேற்று சனிக்கிழமை காலை மறுபடி விழுந்தாள், மணிக்கட்டு வீங்கிவிட்டது. (எலும்பு முறியவில்லை, எக்ஸ்ரே எடுத்தாயிற்று, அத்தை கவலைப்பட வேண்டாம்.) கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு நர்ஸ் கலாவதியின் கையைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள், முழங்கையில் பழைய காயங்களைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். கொஞ்சம் வெளியே இருங்கள் என்றாள். உள்ளே என்ன நடந்தது என்று திரும்பி வரும்போது கலாவதி சாவகாசமாகச் சொன்னாள்.

"வீட்டுல உன்னை யாராச்சும் தள்ளறாங்களான்னு கேட்டாங்க. ஆமாங்க, என் வீட்டுக்காரர்தான் தள்ளுவாருன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"எத்தனை நாளைக்கு ஒருக்கான்னு கேட்டாங்க. டெய்லி, ஆபீஸ் விட்டு வந்ததும், சண்டேன்னா ரெண்டு தடவைன்னேன். வலிக்கலையான்னாங்க. வலிக்கும், போகப் போகப் பழகிரும்னேன். யாருகிட்டயாவது சொன்னியான்னாங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு அவரு ஸ்ட்ரிக்டா சொல்லியிருக்காருன்னேன். பாவம், அவங்களுக்குக் கண்ணே கலங்கிருச்சுங்க."

"சைக்கிள்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

யோசித்தாள். "அவங்க அதக் கேக்கவே இல்லையே" என்றாள்.

அந்த நர்ஸைக் குற்றம் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியதைத்தான் கேட்டாள். மாலை நான்கு மணிக்கு வாசலில் போலீஸ் கார் வந்து நின்றது. ஆறடிக்குக் குறையாத ஒரு அம்மாள் இறங்கினாள். உங்கள் கடிதம் என் சட்டைப் பையில் இருக்கிறது, முன்னால் போலீஸ் நிற்கிறது, கிரீன் கார்டு மனு இன்னும் பாதியில் நிற்கிறது. வான்மதி என் காதருகில், "டாட், ப்ளீஸ், டோன்ட் டாக்" என்றாள். பேச வந்தால்தானே!

கலாவதிதான் இந்த முறை சைக்கிள் என்ற வார்த்தையைச் சொன்னாள். போலீஸ் அம்மாள் நம்பவில்லை. எங்கே, காட்டுங்கள் என்று கராஜுக்கு வந்து கதவோரம் நின்றுகொண்டாள். கலாவதி கட்டுப் போட்ட கையோடு ஏறினாள். நான் தள்ளப் போனேன். "நீங்க நகருங்க சார்" என்று அந்த அம்மாள் கையைக் காட்டினாள். சுவரைப் பிடித்தபடி கலாவதி தானே மிதிக்கத் தொடங்கினாள். ஐந்து விநாடிக்கு மேல் அவள் அதில் நின்றதே இல்லை மாமா. இதோ விழுவாள், என் மானம் பிழைக்கும் என்று பார்க்கிறேன், சுவரிலிருந்து கையை எடுத்தாள், விழவில்லை. நம் மில் மாதிரி உருளை இரைகிறது, சக்கரம் கம்பி தெரியாமல் சுற்றுகிறது, அவள் பாட்டுக்கு நேரே பார்த்து மிதித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். என்னை மன்னித்துவிடுங்கள், கட்டிய மனைவி விழ வேண்டும் என்று பச்சைமலை முருகனை வேண்டிக்கொண்டேன். முருகன் கேட்கவில்லை. போலீஸ் அம்மாள் என் பக்கம் திரும்பி, "நல்லாத்தானே ஓட்டறாங்க?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. கலாவதியை இறக்கிவிட்டு நானே ஏறினேன். பள்ளிக்கூட நாளில் கோபியிலிருந்து கவுந்தப்பாடி வரை சைக்கிளில் போனவன் நான். முதல் மிதி சரியாக இருந்தது. இரண்டாவது மிதியில் முன்சக்கரம் இறங்கி, நான் தனியாகவும் சைக்கிள் தனியாகவும் புறப்பட்டு, அடுக்கி வைத்திருந்த அரிசி மூட்டைகளைத் தாண்டி அலமாரியில் போய் முட்டினேன். வலது கண். போலீஸ் அம்மாள் ஓடி வந்து தூக்கினாள், தண்ணீர் கொடுத்தாள், அந்தச் சாமானைக் குனிந்து நன்றாகப் பார்த்தாள். பிறகு நோட்டுப் புத்தகத்தில் நிறைய எழுதினாள். "ரெண்டு பேரும் ஹெல்மெட் வாங்குங்க, கீழ மெத்தை போடுங்க" என்று சொல்லி, அடுத்த வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பதாகவும் சொல்லிப் போனாள்.

அவள் போனபிறகு கலாவதியிடம் கேட்டேன், இரண்டு மாதமாக வராதது இன்றைக்கு எப்படி வந்தது என்று. "எப்பவும் சக்கரத்தையே பாப்பேன். இன்னைக்கு அந்தம்மா மூஞ்சியத்தான் பாத்தேன். மிதிக்கறத நிறுத்துனா உங்களை இழுத்துட்டுப் போயிருவாங்கன்னு பயம். அந்தப் பயத்துலயே மிதிச்சேனுங்க" என்றாள். அவள் விழ வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்ட நேரத்தில் அவள் எனக்காக மிதித்திருக்கிறாள். ஐஸ் கட்டியைக் கண்ணில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே தாங்கள் சிரமப்பட்டு இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. உருளையைக் கழுவித் துடைத்துச் சுவரில் மாட்டியாயிற்று. இனி இந்த வீட்டில் யாரும் அதில் ஏற மாட்டார்கள். இது என் உத்தரவு. அத்தைக்கு என் நமஸ்காரம். தங்கள் இருவர் ஆசியும் எங்களுக்கு வேண்டும், எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மாப்பிள்ளை,
கோபாலசாமி

பின்குறிப்பு: நான் ஸ்டாம்பு தேடிய நேரத்தில் கலாவதி இதைப் படித்துவிட்டு, கோபியில் விடிந்திருக்கும் என்று உங்களுக்குப் போன் போட்டுவிட்டாள். நான் இத்தனை தாளில் சொன்னதை மூன்று நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். நீங்கள் சிரித்தீர்களாம். இருபது வருஷத்தில் நான் கேட்டிராத செய்தி. எல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்டேன், அப்புறம்தான், "வியாழக்கிழமை வர்றேன், அந்த உருளையச் சுவத்துலருந்து எறக்கி வை, நானும் ஒருக்கா ஏறிப் பாக்கறேன்" என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னாள். மாமா, உங்களுக்கு எழுபத்தொரு வயது. போலீஸ் அம்மாளும் அதே வாரம்தான் வருகிறாள். ஏறியே தீருவேன் என்றால் தடுக்க எனக்கு ஏது தைரியம்? தபால் வந்து சேருமுன் நீங்கள் புறப்பட்டுவிடுவீர்கள் என்பதால் இதை மில்லுக்கு ஃபேக்ஸில் அனுப்புகிறேன். ஒன்றே ஒன்று செய்யுங்கள். மாப்பிள்ளை என்னைத் தள்ளவில்லை என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, வரும்போதே கையில் கொண்டு வந்துவிடுங்கள். இங்கிலீஷில் இருந்தால் நல்லது.