குடும்பத்தோடு பார்க்க ஓர் அற்புதமான படம்

எங்கள் மூத்தோர் வட்டத்தின் யாப்பு, பிரிவு ஏழு, உட்பிரிவு ஆ: "உறுப்பினரை எந்தக் கலை நிகழ்ச்சிக்கும் அழைத்துச் செல்லுமுன், அந்நிகழ்ச்சியின் தன்மையைச் செயலாளர் நேரில் அறிந்திருத்தல் வேண்டும்."

இந்த விதியை எழுதியவன் நான். தட்டச்சு செய்து மூன்று பிரதிகளில் கையொப்பமிட்ட செயலாளரும் நான். இன்றுவரை அதை மீறிய ஒரே ஆளும் நான்தான். வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே ஒப்புக்கொள்வது மரியாதை.

சுவிஸின் லோசான் நகர ஆஸ்பத்திரி ஒன்றின் களஞ்சியத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். பஞ்சு, ஊசி, கையுறை எல்லாவற்றுக்கும் பிரெஞ்சில் படிவம் நிரப்பினேன். படிவம் நிரப்பத் தெரிந்தவனுக்கு மொழி தெரியும் என்பது அன்றைய என் துணிபு. (இன்று அப்படி இல்லை. ஏன் என்று கீழே வருகிறது.)

என் மகள் அபிநயா இங்கேயே பிறந்தவள். சிறிய திரையரங்கு ஒன்றில் எந்தப் படத்தை எப்போது காட்டுவது என்று தீர்மானிக்கும் வேலை. தற்காலிக ஒப்பந்தம், கோடையோடு முடிகிறது. அதை நிரந்தரமாக்க அவளிடம் ஒரேயொரு வழி இருந்தது. அந்த வழியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் உயிரோடு இருக்கிறார், வழக்கறிஞரும் வைத்திருக்கிறார். பிரெஞ்சு இயக்குநர் என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

அவர் கதையை அபி சொல்லச் சொல்ல எனக்கு உடம்பே சிலிர்த்தது. தகப்பன் பேக்கரிக்காரர். பையன் பாண் மாவில் ஒரு பூதத்தின் தலையைச் செய்து, போறணையில் சுட்டு, அதை வைத்தே முதல் குறும்படத்தை எடுத்திருக்கிறார். அடுத்து அட்டையில் அரண்மனை கட்டி ஒரு முழுநீளப் படம். முதல் வருடம் அதை எவரும் பார்க்கவில்லை. பிறகு ஒரு தலைமுறை மாணவர்கள் முழுப்பேரும் பார்த்தார்கள். பெரிய கம்பெனி ஒன்று பெரிய காசைக் கொடுத்துக் கடல்பிராணிப் படம் எடுக்கச் சொன்னது. பிராணியோடு கம்பெனியும் மூழ்கியது. ஒன்பது வருடம் சவர்க்காரத்துக்கும் சீஸுக்கும் விளம்பரம் எடுத்தார். பிறகு கைவிட்ட தொழிற்சாலை ஒன்றுக்குள் நாலே நாலு நடிகரோடு புகுந்து, ஒரு படத்தோடு வெளியே வந்தார். மறுபடி உச்சம்.

எந்தப் படத்துக்கும் ஒவ்வொரு காட்சியையும் முதலில் தன் கையால் வரைந்துவிடுவாராம். நாற்பது வருட ஓவியங்கள் ஒரு பெட்டகத்தில் கிடக்கின்றன. யாருக்கும் காட்டியதில்லை. அவை இலையுதிர் காலத்தில் அபியின் அரங்கில் கண்காட்சியானால் அவளுக்கு நிரந்தர வேலை.

"ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவரின்ர படம் போடுறம். அவர் வாறார். சனம் படத்தை எப்பிடிப் பாக்குது எண்டு பாத்துப்போட்டுத்தான் முடிவு சொல்லுவாராம்" என்றாள் அபி. "இதுவரைக்கும் பதினொரு டிக்கெட்தான் போயிருக்கு. உங்கட ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன் அப்பா."

"அதுக்கென்ன, ஒரு பஸ்ஸே நிரப்பலாம்."

"ஆனா அது ஃபந்தாஸ்தீக். ஆக்களுக்கு முதலே சொல்லிப்போடுங்கோ."

சொன்னேன். அன்றிரவே அறிவித்தல் அடித்தேன்: "குடும்பத்தோடு பார்க்க ஓர் அற்புதமான படம். அற்புதம் என்று அவர்களே சொல்கிறார்கள்."

பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அற்புதம் என்ற பொருள் உண்டுதான். ஆனால் சினிமாக்காரர் வாயில் அதுவொரு படவகையின் பெயர். பேய், பிசாசு, மாயம், இரத்தம் எல்லாம் அதற்குள் அடக்கம். இருபத்தாறு வருடத்தில் எந்தப் படிவத்திலும் இந்தச் சொல்லை நான் கண்டதில்லை. அபிக்கோ தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. ஆகவே என் அறிவித்தல் எந்தத் தணிக்கையும் இல்லாமல் வெளியே போனது.

முப்பத்துநான்கு பேர் வந்தார்கள். பட்டுச்சேலை, கோட், இரண்டு பெட்டி வடை. வாசலில் "பதினாறு வயதுக்கு மேல்" என்று போட்டிருந்தது. எங்கள் ஆட்களில் ஆக இளையவருக்கு அறுபத்திரண்டு. விதி மீறப்படவில்லை என்று திருப்தியோடு உள்ளே போனேன். முன் மூன்று வரிசையும் நாங்கள். பின்னால் கறுப்பு உடுப்பும் மூக்கில் வளையமுமாகப் பதினொரு இளைஞர்கள். கடைசி வரிசையில், தொப்பி கழற்றாமல், இயக்குநர்.

முதல் கால்மணி நேரம் ஏரி, பனி, அழகான வீடு. பரமேஸ்வரி அக்கா என் பக்கம் திரும்பி, "நல்ல குளிர்ச்சியான படம் தம்பி" என்றார். வட்டத்தின் உபதலைவி அவர். இலேசில் எதையும் பாராட்டமாட்டார். நான் பெருமையில் நிமிர்ந்தேன்.

அதன்பின் வீட்டின் நிலவறைக் கதவு திறந்தது.

"செயலாளர்," என்றார் அக்கா, குரல் மாறி, "குடும்பப் படம் எண்டெல்லோ போட்டிருந்தீர்?"

"ஓம் அக்கா. குடும்பம் இருக்குத்தானே. தாய், தகப்பன், பிள்ளை."

"பிள்ளை தகப்பனைத் தின்னுது."

அக்கா கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பூசிக்கொண்டு பக்கத்தில் நீட்டினார். பொட்டலம் வரிசை வரிசையாகப் பின்னால் போய், மூக்குவளையக்காரர் கைக்கும் எட்டியது. அவர்களும் ஒழுங்காகப் பூசிக்கொண்டார்கள்.

இவ்வளவோடு தப்பியிருக்கலாம். ஆனால் இரண்டாம் வரிசையில் செல்வராசா அண்ணை இருந்தார். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். சுவர் முழுக்க இரத்தம் வழிகிற கட்டத்தில், மயான அமைதிக்குள், தன் துறைசார்ந்த கருத்தைத் தெரிவித்தார்.

"இது பிழை. மூண்டு நாள் காஞ்ச ரத்தம் இப்பிடிச் சிவப்பாய் இராது. மண்ணிறமாய்ப் போகும்."

"அண்ணை, மெல்லக் கதையுங்கோ."

"மெல்லக் கதைச்சா பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்காது" என்றவர், அவர்கள் நலன் கருதி அதையே பிரெஞ்சிலும் சொன்னார். குளிர்ந்த தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்தால் கறை போகும் என்ற குறிப்பையும் சேர்த்தார். அரங்கம் சிரித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். தொப்பி அசையவில்லை. சுவரோடு நின்ற அபி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கலவரத்துக்கு நடுவில் நான் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டிருந்தேன். அந்தத் தாய் நிலவறைப் படியில் காலை வைக்கும்போது, "போகாதையணை" என்று கத்திய குரல் யாருடையது என்று தேடினேன். என்னுடையது.

விளக்குப் போட்டதும் நன்றியுரை. இரண்டு வசனம் சொல்லச் சொல்லி அபி கேட்டிருந்தாள். நான் முன்கூட்டியே இரண்டு பக்கம் எழுதிவைத்திருந்தேன். மேடையில் ஏறியதும் தாளைப் பார்த்தேன். குடும்பப் படத்துக்கென்று எழுதிய உரை அது. ஆனால் தாள் இல்லாமல் என் பிரெஞ்சில் கையுறைதான் ஓர்டர் செய்யலாம். தவிர, நிகழ்ச்சி நிரலில் ஏறிய உரையை மாற்றும் அதிகாரம் எந்தச் செயலாளருக்கும் கிடையாது. வாசித்தேன்.

"மதிப்புக்குரிய ஐயா, பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துப் பார்க்கக்கூடிய படங்கள் இன்று அருகிவிட்டன. இக்குறையை நாற்பது ஆண்டுகளாகத் தாங்கள் தனியொருவராக நின்று தீர்த்து வருகிறீர்கள். தங்கள் படத்தைப் பார்க்கும் குடும்பம் ஒருவரை ஒருவர் நெருங்கி உட்காரும். அன்றிரவு அமைதியாக உறங்கும்."

மூக்குவளையக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவன் சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழுந்தான். சிரிப்பு அடங்கியபோது கடைசி வரிசைக் கதவு ஆடிக்கொண்டிருந்தது. இயக்குநர் போய்விட்டார்.

மெட்ரோவில் வீடு வந்தோம். வாசலில் அபி என்னை நிறுத்தினாள்.

"அப்பா, தயவுசெய்து இனி ஒண்டும் செய்யாதேங்கோ. கடிதமும் எழுதாதேங்கோ."

திங்கட்கிழமை காலை எழுதினேன். பதிவுத் தபால், பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியோடு. அதில் மூன்று விடயங்கள்: அந்தச் சொல்லை நான் எப்படி விளங்கிக்கொண்டேன்; குற்றம் என்னுடையது, மகளுடையதல்ல; படம் என்னைப் பயப்படுத்தியது, மறுபடி பார்க்க ஆசை. அத்தாட்சி நாலாம் நாள் திரும்பி வந்தது. பதில் வரவில்லை. ஏப்ரல் போனது, மே போனது. அபி வேறு வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினாள். அந்தப் படிவங்களை நிரப்ப உதவட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

இதற்கிடையில் வீட்டில் ஒரு சொல் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. புட்டு குழைந்தாலும் பஸ் தவறினாலும், என் மனைவி உட்பட எல்லோரும் முகத்தை அசைக்காமல் "ஃபந்தாஸ்தீக்" என்கிறார்கள். அபியின் கணவருக்குக் கற்பித்த முதல் குடும்பச் சொல்லும் அதுதான்.

பிறகு ஒரு நாள் தபாற்பெட்டியில் ஒரு தடித்த உறை. கையெழுத்தில் சில வரிகள்:

"ஐயா, என்னை நோயாளி என்றிருக்கிறார்கள், பிள்ளைகளைக் கெடுப்பவன் என்றிருக்கிறார்கள். குடும்பங்களுக்குப் பரிந்துரைத்தவர் நீங்கள் ஒருவர்தான். அன்று வெளியே போனது கோபத்தில் அல்ல. சிரிப்பை அடக்க முடியவில்லை, என் தொழிலில் அதை மற்றவர் காணக்கூடாது. பெட்டகத்தைத் தங்கள் மகளுக்கு அனுப்புகிறேன். திறப்பு விழாவில் அந்த உரையைத் தாங்களே வாசிக்க வேண்டும், ஒரு சொல்லும் மாற்றாமல்."

அபியைக் கூப்பிடுமுன், பழைய வழக்கப்படி, கடிதத்தின் மேல்மூலையில் முத்திரை குத்தினேன். அவசரத்தில் சற்றுச் சரிவாக விழுந்தது. பெறப்பட்ட திகதி: யூன் 17, செவ்வாய்க்கிழமை.